கடையில் ஓடும், வீட்டில் நிற்கும்

சந்துருவின் கணினி மௌனிகாவின் ரிப்பேர் கடையில் இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளும் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது அந்தக் கடை. சந்துரு விளையாடும் அதே துப்பாக்கிச் சண்டை விளையாட்டை அவள் மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தாள். படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிய பத்தாவது நிமிடம் சந்துரு போன் செய்தான்.

"மறுபடியும் நிக்குதுங்க்கா."

மூன்று வாரமாக இதே கதை. விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை அரை நொடி அப்படியே உறைந்துவிடும். முதலில் நெட் மெதுவாகிறது என்று நினைத்தார்கள். ஆனால் நெட் மெதுவானால் எதிராளி விட்டுவிட்டுத் தாவி வருவான். தன் துப்பாக்கியாவது தன் பேச்சைக் கேட்கும். இங்கே எல்லாமே நின்றுபோனது. அந்த அரை நொடிக்குள் எதிராளி சுட்டு முடித்துவிடுவான். திரை மறுபடி நகரும்போது சந்துருவின் ஆள் தரையில் கிடப்பான்.

ஐந்து பேர் அணி. தலைவன் ஜெகன், வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவன். நான்கு மாதம் பயிற்சி எடுத்து மாநில அளவிலான லீக் ஒன்றில் நுழைந்திருந்தார்கள். கடைசி இரண்டு ஆட்டங்களும் சந்துருவின் திரை நின்றுபோனதால் கைவிட்டுப் போயின. வெள்ளிக்கிழமை ஜெகன் பட்டென்று சொல்லிவிட்டான்: "ஞாயித்துக்கெழம ஆட்டத்துலயும் உன் மிஷினு நின்னுச்சுன்னா, வேற ஆளப் பாத்துக்கிடுதோம் மாப்ள. கோவிச்சுக்கிடாத."

மௌனிகா தன்னால் முடிந்ததை எல்லாம் செய்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்துத் தேங்காய் நார் மில்லின் தூசு விசிறிகளில் மெத்தையாக அப்பிக் கிடந்தது, சுத்தம் செய்தாள். சூடு பதினைந்து டிகிரி இறங்கியது, திக்கல் இறங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை நீக்கிப் பழையதைப் போட்டாள். ராம் மாற்றிப் பார்த்தாள். கடையில் ஓடுவது வீட்டில் நிற்கிறதென்றால், கோளாறு வீட்டில்தான் இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, வோல்டேஜ் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஆட்டம் ஐந்து மணிக்கு.

அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேன் நின்றிருந்தது. சந்துருவின் அப்பா நஞ்சப்பன் பட்டு வேட்டியில் இருந்தார். பொள்ளாச்சியில் ரிசப்ஷன். வேனுக்குள் பத்துப் பன்னிரண்டு உறவினர்கள்.

"ஏனம்மிணி, அந்தப் பொட்டிக்கு இன்னும் வைத்தியம் முடியலையா?"

"இன்னிக்கு முடிச்சர்லாமுங்க. ஏனுங்க, இந்த ஒரு மாசத்துல கம்ப்யூட்டரை வேற யாராச்சும் தொட்டாங்களா?"

"நாங்க அந்த ரூம்பு பக்கமே போறதில்லையே. அவன் உட்டாத்தானே!"

வேனுக்குள்ளிருந்து சந்துருவின் தாய்மாமன் பூபதிராஜா குரல் கொடுத்தார். "மச்சான், நீங்க ஏறுங்க. பந்தி முடிஞ்சு எலை எடுத்துப்போட்ட பொறகு போயி என்ன பண்றது?"

"கட்டுத்தரையில மாடு நிக்குது. நானு போன்ல பாத்துக்கறேன், நீ உன்ற சோலியப் பாரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு நஞ்சப்பன் ஏறினார்.

போன மாதம் வேலந்தாவளம் சந்தையில் பிடித்த மாடு அது. வந்த வாரமே பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு மாடுகளை எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். உடனே நஞ்சப்பன் மாடு கட்டும் கட்டுத்தரையில் கேமரா வைத்தார். அதிலிருந்து டீக்கடையிலும் பஸ்ஸிலும் போனை எடுத்து மாட்டைப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நடுவில் இரண்டு நாள் படம் வராமல் போனபோது, நெட்டைத் திட்டிக்கொண்டு கட்டுத்தரையிலேயே கட்டில் போட்டுப் படுத்தார்.

மௌனிகா மீட்டரைச் செருகினாள். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட், அரை மணி நேரம் பார்த்தும் அசையவில்லை. கரண்ட் மேல் தப்பில்லை. பிறகு விளையாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் தன் மடிக்கணினியை இரண்டாவது திரையாக இணைத்து, உள்ளே என்னென்ன வேலை நடக்கிறது என்று காட்டும் வரைபடங்களைத் திறந்துவைத்தாள்.

"நின்னா நின்னுதுன்னு சொல்லு தம்பி."

"இப்ப... இப்பவும்... இப்பவும்."

சந்துரு சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கோடு உச்சிக்குப் போனது. விளையாட்டு இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கோடு. வேறு ஏதோ ஒன்று அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. எழுதும் நேரமெல்லாம் விளையாட்டுக்கு வேண்டியது கிடைக்காமல் படம் நின்றது. எது எழுதுகிறது என்று தேடிப்போய் ஒரு போல்டரைக் கண்டுபிடித்தாள். உள்ளே நான்காயிரத்துச் சொச்சம் சின்னச் சின்ன வீடியோக்கள். கடைசியாக வந்ததைத் திறந்தாள்.

ஒரு மாட்டின் பின்புறம். வால் ஒருமுறை இடமிருந்து வலமாக வீசியது. வீடியோ முடிந்தது.

"எங்க மாடுங்க்கா!" என்றான் சந்துரு. "இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

கேமரா மாட்டிய ஆனந்தகுமாருக்கு மௌனிகா போன் போட்டாள். அவன் ஒளிக்கவில்லை. "ஆமாங்க. ரெக்கார்டர் பொட்டிக்குள்ள எறும்பு பூந்து போர்டு போயிருச்சு. புதுசு வர்ற வரைக்கும் தம்பி கம்ப்யூட்டர்ல ஓடட்டுமுன்னு நஞ்சப்பண்ணன்தான் சொன்னாரு. அசைஞ்சா மட்டும் பதியுற மாதிரி வெச்சுருக்கேன். தம்பி பொள்ளாச்சி போயிருந்தப்ப வந்து போட்டேனுங்க."

"யாரும் தொடலைன்னாரே அவரு?"

"அவரு எங்கீங்க தொட்டாரு? தொட்டது நானு."

மௌனிகாவுக்கு அது போதவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் அவள் முடித்துவிட்டதாகக் கடை நோட்டில் எழுதுவதில்லை. சந்துருவைக் கட்டுத்தரைக்கு அனுப்பிவிட்டு விளையாட்டின் முன் உட்கார்ந்தாள். மாடு படுத்திருந்தது. ஐந்து நிமிடம் படம் தண்ணீர் போல ஓடியது.

"இப்ப எழுப்பு!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

திரை நின்றது. மறுபடி நின்றது. "எந்திரிச்சு, தண்ணித் தொட்டிக்குப் போகுதா?"

"ஆமாங்க்கா! அங்கிருந்து தெரியுதா?"

"மாடு தெரியல. நிக்கறது தெரியுது."

பதிவை வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் போதும். ஆனால் கணினியில் இருந்த இன்னொரு சின்ன டிஸ்க் நிறைந்து கிடந்தது. கடையில் ஒன்று இருக்கிறது. போய் எடுத்து வந்து மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். மணி நாலு நாற்பது.

"ஆட்டம் முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சர்லாம். அதுக்குள்ள நானு டிஸ்க் எடுத்துட்டு வந்தர்றேன். ஆனா இங்க நிறுத்துனா உங்கப்பா போன்லயும் படம் போயிரும். சொல்லிரு."

சந்துரு மூன்று முறை அழைத்தான். கல்யாண மண்டபத்தில் பேண்ட் வாத்தியம், நஞ்சப்பன் எடுக்கவில்லை. ஒரு குரல்செய்தி அனுப்பினான். அப்பாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. பதிவை நிறுத்தி, போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்து, ஹெட்போனை மாட்டினான்.

முதல் நான்கு சுற்றுகளில் அவன் ஆள் இரண்டு முறைதான் செத்தான். இரண்டு முறையும் திரை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

"ஏலே, ஆளு இன்னிக்கு பறக்கான்ல!" என்றான் ஜெகன் காதுக்குள்.

பொள்ளாச்சியில் நஞ்சப்பன், பெண்வீட்டார் ஒருவருக்கு மாட்டைக் காட்டப் போனை எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. துடைத்துப் பார்த்தார். மகனை அழைத்தார், ஏழு முறை. பூபதிராஜா போனை வாங்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: "ஒயரை அறுத்துட்டானுங்க மச்சான். பையனை என்ன பண்ணுனானுங்களோ!" ஐந்து நிமிடத்தில் மொத்த வேனும் திரும்பியது.

முதலில் பதின்மூன்று சுற்று எடுப்பவர் ஜெயிப்பார். எதிரணி பன்னிரண்டு, இவர்கள் பதினொன்று என்று இருக்கும்போது வேன் தோட்டத்துக்குள் வந்தது. ஆட்கள் கட்டுத்தரைக்கு ஓடும் சத்தம் கேட்டது. மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அடுத்து எல்லோரும் அறைக்கு வந்தார்கள். முன்னால் பூபதிராஜா, சந்தனம் பூசிய கழுத்தோடு, கையில் வேனின் ஜாக்கி ராடுடன். டிஸ்க்கோடு அப்போதுதான் திரும்பியிருந்த மௌனிகா கதவருகே நின்றாள்.

"டேய், போன எடுக்கறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்றார் நஞ்சப்பன்.

"திட்டாதீங்க. நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன்" என்றாள் மௌனிகா. "மாட்டுப் படம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுனதுனாலதான் அது நின்னு நின்னு போச்சு."

"அப்ப மாட்டைப் போடச் சொல்லு மொதல்ல!" அவர் கை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது.

"அண்ணா, இப்ப அணைச்சா நாலு மாசத்து ஒழப்பு போயிருமுங்க. அவனை டீம்ல இருந்தே எடுத்துருவாங்க. ரெண்டே நிமிசம்."

நஞ்சப்பன் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றார். தட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"யாருல அங்க? சந்தக்கட மாதிரி சத்தம்?" என்றான் ஜெகன்.

"எங்கூட்டு ஆளுங்க. மாட்டைக் காணோமுன்னு வந்துட்டாங்க."

"மாடா? ஏலே, எதிர்ல ரெண்டு பேரு இருக்கான், அதப் பாரு!"

அணியில் சந்துரு மட்டும் மிஞ்சியிருந்தான். சுவரோரமாக நகர்ந்து ஒருவனைச் சுட்டான். பின்னால் நின்ற உறவினர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இதுல நம்ம பையன் எவன்?" என்று கேட்ட பெரியவரை யாரோ அடக்கினார்கள். மற்றவன் எந்தப் பக்கம் இருப்பான் என்று சந்துரு கணக்குப் போட்டான். வலப்பக்கம் திரும்பினான். மற்றவன் இடப்பக்கம் இருந்தான்.

பதின்மூன்றுக்குப் பதினொன்று.

"செயிச்சமா?" என்றார் பூபதிராஜா.

"இல்லீங்க மாமா."

சந்துருவின் அம்மா கமலாத்தாளுக்குத் தாங்கவில்லை. "பந்தியில உக்காந்தவளை எழுப்பிக் கூட்டியாந்து, இதுக்குத்தானா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் போனாள். நஞ்சப்பன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

ஜெகன் என்ன சொல்லப்போகிறானோ என்று சந்துரு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"மாப்ள," என்றான் ஜெகன், "எதுக்குல வலப்பக்கம் திரும்புன?"

"அங்கதான் இருப்பான்னு நெனச்சேன்."

"மடத்தனமான நெனப்பு. காலடிச் சத்தம் எடப்பக்கம் தெளிவாக் கேட்டுச்சு. அது முழுக்க உன் தப்பு."

"ஆமா. என்ற தப்புத்தான்."

"ஒரு தடவகூட நிக்கலயே?"

"நிக்கல."

"தப்புன்னா திருத்திக்கிடலாம். சனிக்கெழம ஆறு மணிக்கு ஆட்டம். நாளைலருந்து தெனம் ஒரு மணி நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டு ஆடுதோம். வந்துரு."

சந்துரு ஹெட்போனைக் கழற்றினான். மௌனிகா அதற்குள் தரையில் உட்கார்ந்து கணினியின் பக்கப் பலகையைத் திருகிக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். நஞ்சப்பன் கறுத்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே குனிந்து நின்றார்.