இருட்டாக இருக்க வேண்டிய திரை

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன் தான் ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. எனக்குப் பார்வை கிடையாது, அவரோ தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆகவே எங்கள் வரையில் பார்க்கிற வேலை முடிந்துவிட்டது, நீ வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் பார்த்துக்கொள் என்றேன். அக்கா அவருக்கு வைத்திருந்த பெயர் 'பக்கத்து மேசை'. வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

எங்கள் நிறுவனம் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிறது. எங்கேயாவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் என்னைக் கூப்பிடுவார். எந்தக் கட்டடம், எத்தனை பேர் என்று கேட்டு, அலுவலகத்தின் வலைப்பக்கத்தில் புகாரைப் பதிந்து, கிட்டத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்புவது என் வேலை. வலது காதில், லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவரின் மூச்சிரைப்பு, இடது காதில் திரைவாசிப்பான். திரையில் இருப்பதை எல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. நான் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்கு அது கொசுச் சத்தம். ஒருமுறை கேட்டுப் பார்த்த மேலாளர், இதற்குள் மனிதப் பேச்சு இருக்கிறது என்று நம்பவே மறுத்தார்.

திரைவாசிப்பானில் ஒரு வசதி உண்டு. திரையை அடியோடு இருட்டாக்கிவிடலாம். உள்ளே வேலை நடக்கும், வெளியே வெறும் கறுப்புக் கண்ணாடி. சேர்ந்த புதிதில் நான் கணினியைப் போடாமலே விரலை ஆட்டிக்கொண்டிருப்பதாக மேலாளரிடம் யாரோ வத்தி வைத்தார்கள். விளக்கிச் சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் யார் நின்றாலும் படிக்க முடியாதபடி வைத்துக்கொள்வேன். கணினிப் பிரிவிலிருந்து யாராவது வந்தால் மட்டும் ஒரு விசையைத் தட்டித் திரையைத் திறந்து காட்டுவேன். அவர்கள் போனதும் மூடிவிடுவேன்.

அந்த இருட்டின் தைரியத்தில்தான் அக்காவோடு அரட்டை அடித்தேன். அழைப்பு வராத நேரத்தில் இன்னொரு பக்கத்தைத் திறந்து அவளுக்கு எழுதிக்கொண்டே இருப்பேன். மேலாளரின் செருப்புச் சத்தம் முதல் என் வயிற்றுவலி வரை அதில் இல்லாதது கிடையாது.

பக்கத்து மேசைக்காரர் ஒப்பந்தப் பிரிவு. அவர் மேசை என் மேசைக்குக் குறுக்கே போடப்பட்டிருந்தது. வந்த புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் மேல்கையைப் பிடித்துத் திருடனை இழுத்துப்போவது போல் இழுத்துப்போவார். சாப்பாட்டுக் கூடத்தில் என் காதில் கத்திப் பேசுவார். காதில் கோளாறு இல்லை என்று நான் சொல்வதற்குள் போய்விடுவார்.

மழைக்காலத்துக்குப் பிறகு ஆள் மாறிப்போனார். ஒருநாள் படிக்கட்டில் என் கையைப் பிடிக்காமல், "என் முழங்கையைப் பிடிச்சுக்கறீங்களா?" என்றார். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களை ஒரு கைவிரல்களில் அடக்கிவிடலாம். பிறகு, என் கோப்பையை யார் நகர்த்தி வைத்தாலும் எங்கே வைத்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஒருமுறை அலுவலகத்தில் எல்லோரும் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். பரிமாறுகிறவர் வழக்கம்போல் என்னை விட்டுவிட்டு அவரிடம், இவங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். "அவங்களையே கேளுங்க" என்றார் இவர், சாதாரணமாக, தண்ணீர் கேட்பது போல. அன்றைக்கு என் உச்சி குளிர்ந்துவிட்டது. பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அக்காவிடம் அன்று மாலை வரை அதையே எழுதிக்கொண்டிருந்தேன். சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆள் என்று அக்காவும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

பிறகு அவர் கேட்டார். பேருந்து நிறுத்தத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்டார். நான் யோசிக்கிற மாதிரி கொஞ்சம் பாவனை செய்துவிட்டுச் சரி என்றேன்.

இதெல்லாம் இப்படி இருக்கும்போது, அந்த வாரம் திங்கட்கிழமை, எங்கள் வலைப்பக்கத்துக்குப் புது முகம் போட்டார்கள். பழைய பக்கத்தில் ஒவ்வொரு பொத்தானிலும் அனுப்பு, ரத்து, சேமி என்று எழுதியிருக்கும். திரைவாசிப்பான் அதைச் சொல்லும். புதுப் பக்கத்தில் எழுத்தை எல்லாம் எடுத்துவிட்டு அழகழகாகப் படம் போட்டுவிட்டார்களாம். படத்துக்குப் பின்னால் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. என் காதில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று வரிசையாக விழுந்தது. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். மெக்கானிக் போய்விட்டார் என்று நானும், புகார் ரத்தாகிவிட்டது என்று மெக்கானிக்கும் இருக்க, லிஃப்ட்டுக்குள் ஒரு அம்மாள் வாங்கிய காய்கறியோடு நின்றுகொண்டிருந்தார். மேலாளர் என்னைத் திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். திட்டியிருக்கலாம்.

கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையைத் திறக்க என் விரல் விசையைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள், "பச்சை அம்புக்குறி இருக்கில்ல, அதுதாங்க அனுப்பறது. அதுக்குப் பக்கத்துல இருக்கற குப்பைத்தொட்டிதான் ரத்து" என்றாள்.

என் விரல் அப்படியே நின்றது. நான் இன்னும் விசையைத் தட்டவில்லை.

திரை தெரிகிறதா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, பளிச்சென்று தெரிகிறது என்றாள். இருட்டாக அல்லவா இருக்க வேண்டும் என்றேன். அவள் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். மழைக்காலத்தில் இடி விழுந்து பழைய கணினி போனபோது புதிதாக ஒன்று வைத்தார்கள். என் குரல், என் வேகம், என் குறுக்குவிசைகள் எல்லாவற்றையும் அச்சு மாறாமல் பழையபடி வைத்துக் கொடுத்தவர்கள், திரையை இருட்டாக்கும் அந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார்கள். திரைவாசிப்பான் இருப்பதைச் சொல்லும். இல்லாததை அது ஏன் சொல்லப்போகிறது? மற்றவர்களுக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எல்லோர் திரையும்தான் எரிகிறது. போடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அவள் போன பிறகு குறுக்கு மேசையில் விசைகள் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்தால் நிமிரும்போதெல்லாம் கண்ணில் படுவது என் திரைதான்.

மேல்கையைப் பிடித்து இழுப்பதைப் பற்றி அக்காவுக்கு எழுதியிருந்தேன். கோப்பையைப் பற்றி எழுதியிருந்தேன். என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதைப் பற்றி, ஒருநாள் கோபத்தில், நீளமாகவே எழுதியிருந்தேன். இதெல்லாம் பரவாயில்லை. அவர் கேட்டால் சரி என்பேன், ஆனால் கேட்கத் தைரியம் வருமா தெரியவில்லை என்றும் எழுதியிருந்தேன். அதற்கு மறுநாள்தான் பேருந்து நிறுத்தம். நான் பாவனை செய்ததாக நினைத்தேனே, கேட்கும் முன்பே விடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் பாவனையை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

திரை திறந்திருந்தது என்பதாலேயே அவர் படித்தார் என்று ஆகிவிடாது. இதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, படிச்சார்னே வெச்சுக்கோ. படிச்சுட்டு நல்லதைத்தானேடி செஞ்சார்? எங்க வீட்டுக்காரருக்கு நான் வாய்விட்டுச் சொன்னாலே காதுல ஏற மாட்டேங்குது."

அத்தானை எனக்குத் தெரியும். அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. அந்த முழங்கையை நான் பிடித்துக்கொண்டு இறங்கியது நிஜம். ஹோட்டலில் அவர் சொன்னதும் நிஜம். படித்ததை வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்திருக்கலாம், நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். செய்யவில்லை. எங்கே போய் நிற்கிறேன் பார், ஒரு ஆள் ஒன்றும் செய்யாததற்கு மதிப்பெண் போடுகிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் திரையை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு அக்காவுக்கு எழுதினேன். அவர் போட்டுக்கொண்டு வரும் சென்ட் எனக்குத் தலைவலி தருகிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதினேன். அப்பட்டமான பொய். அவர் வருவதை எனக்கு முதலில் சொல்வதே அந்த வாசனைதான். காலையில் அது வாசலைத் தாண்டும்போதே நான் நிமிர்ந்து உட்காருவேன். எழுதி அனுப்பும்போது, நாளைக்கும் அதைப் போட்டுக்கொண்டு வாருமய்யா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத்தான் அவர் வந்ததே எனக்குத் தெரிந்தது. வெறும் சோப்பு மணம்.

பதினொரு மணி டீக்கு வழக்கம்போல் என் கோப்பையைக் கொண்டுவந்து வைத்து, இருக்கும் இடத்தையும் சொன்னார். இன்றைக்கு வாசனையைக் காணோமே என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டது என்றார். அது சின்னப் பொய். நான் கூடத்தான் ஒன்று சொல்லியிருந்தேன். அதை வைத்து ஒருவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேராகவே கேட்டேன்.

"எனக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

டீயை ஒரு வாய் குடித்தார். எனக்கு அந்த ஒரு வாய் மிக நீளமாக இருந்தது. படித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோபித்துக்கொண்டிருப்பேன், அழுதும் இருப்பேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கும். சத்தியமாக அந்த நேரத்தில் அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

"அதெல்லாம் சொல்லத் தெரியலைங்க. மனசுல தானா தோணுது" என்றார். குரலில் ஒரு கூச்சம் கூட இருந்தது. அழகாக இருந்தது. நேற்று முன்தினம் வரை கேட்டிருந்தால் அந்தக் கூச்சத்தையே அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் உட்கார்ந்தார். அவர் விசைகள் ஒலிக்க ஆரம்பித்தன. இனி வாழ்நாள் முழுவதும் இந்த ஆள் எனக்காகச் செய்கிற ஒவ்வொரு நல்ல காரியத்தின்போதும், இதை எங்கிருந்து எடுத்தார் என்று நான் தேடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் எந்தத் திரை, எந்தக் கடிதம், எந்தத் தொலைபேசி என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அரட்டைப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தின் அளவை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன், கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று. பிறகு அவசரப்படாமல் தட்டினேன். திரைவாசிப்பான் ஒவ்வொரு சொல்லாக என் காதில் சொல்லிக்கொண்டு வந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வேண்டாம். அவங்க வீட்டுக்கு நீ போன் பண்ணிச் சொல்லிடு. அவர்கிட்ட நான் தனியா சொல்லலை. இதை அவரே இப்ப படிச்சுட்டு இருக்கார்."

குறுக்கு மேசையில் விசைச் சத்தம் நின்றது.

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. மூச்சை உள்ளே இழுத்தார், பேசுவதற்கு இழுப்பது போல. பேசினால், படித்தேன் என்று ஆகிவிடும். அந்த மூச்சு அப்படியே வெளியே போயிற்று. பிறகு விசைகள் மறுபடி ஒலித்தன, முதலில் ஒன்றிரண்டாக, அப்புறம் பழையபடி.

நான் அனுப்பினேன். வலது காதில் அழைப்பு வந்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். எந்தக் கட்டடம், எத்தனை பேர் என்று கேட்டேன்.