நீலக் கோட்டு

ஆராயி மாடிக் கழிவறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடிக்கத் தொடங்கியது. பாட வேளை மணியென்றால் இரண்டு தட்டோடு ஓய்ந்துவிடும். இது நிற்பதாகக் காணோம். துடைப்பமும் கையுமாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் பைகளை வகுப்பிலேயே விட்டுவிட்டு வரிசையாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கூல்ல பாம் வச்சிருக்குன்னு போன் வந்திச்சாம்" என்றாள் கூட வேலை பார்க்கும் செங்கம்மாள்.

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆராயியின் மகள் கோமளா கீழே ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

கோமளா அவளுடைய மகள் என்பது பள்ளியில் செங்கம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. லோதி ரோட்டில் ஆராயி பாத்திரம் தேய்த்த வீட்டு அதிகாரியின் மனைவி சொல்லி, கோமளாவுக்கு இந்தப் பள்ளியில் வாங்கித் தந்த இடம் அது. இந்த வருஷம் துப்புரவு கான்ட்ராக்டர் ஆராயியையும் அதே பள்ளிக்கு அனுப்பியபோது, மகள் பக்கத்திலேயே இருப்பாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அது ஒரு வாரம்தான். வேறொரு துப்புரவுக்காரியின் மகனிடம் பையன்கள் மிட்டாய்க் காகிதங்களைத் திணித்து, "இந்தா, உங்கம்மாகிட்ட குடு" என்று சிரித்ததைப் பார்த்தாள். அரைப் பரீட்சைக்கு முன்பே அந்தப் பையன் பள்ளியைவிட்டு நின்றுவிட்டான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று சாயங்காலமே மகளிடம் சத்தியம் வாங்கினாள். "ஸ்கூல்ல நான் யாரோ, நீ யாரோ. அம்மான்னு வாயத் தொறக்கக் கூடாது."

கோமளா சொன்ன சொல் தவறவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி போய்விடுவாள். தான் சொல்லிக்கொடுத்ததுதான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் ஆராயிக்குச் சுருக்கென்றிருக்கும்.

மைதானத்தில் பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர் தர்மன் துப்புரவுப் பெண்களை மட்டும் தனியே கூப்பிட்டான்.

"போலீசு நாய் வர லேட்டாவுமாம். அதுக்குள்ள நீங்க ஒரு ரவுண்டு பாத்துடுங்க. பாத்ரூம், மாடிப்படிக்கு அடில, குப்பத்தொட்டி, எல்லாம். பை கிய் கெடந்தா தொடாதீங்க, வந்து சொல்லுங்க."

"நாங்களா?" என்றாள் செங்கம்மாள்.

"பின்ன, டீச்சருங்களா போவாங்க? இஷ்டமில்லன்னா சொல்லு. நாளைக்கு வேற ஆளு வந்து நிக்கும்."

ஆராயி உள்ளே போனாள். அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தொட்டியையும் துடைப்பக் கட்டையால் கிளறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றியது, ஆனாலும் மூடினாள். மாடி ஜன்னலிலிருந்து மைதானம் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மா வருகிறார்களா என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமளா மட்டும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு டீச்சர் சுபாஷிணி மிஸ் அவள் தலையைப் பிடித்துக் கேட் பக்கமாகத் திருப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

காரிலும் ஸ்கூட்டரிலும் பெற்றோர் வந்து குவிந்தார்கள். வந்திருப்பது யாரென்று பிள்ளை தன் வாயால் சொன்னால்தான் அனுப்ப வேண்டும் என்பது பிரின்சிபாலின் உத்தரவு. "மம்மி", "பாபா", "அப்பா" என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு ஓடின. ஆராயி தொட்டிகளை வெளியே இழுத்துவந்து வைத்தபோது, ஆறாம் வகுப்பில் கோமளாவும் அவள் சிநேகிதி ஹம்சாவும்தான் மிச்சம்.

"உனக்கு யார் வருவா?" என்று மிஸ் கேட்பதும், கோமளா பேசாமல் நிற்பதும் தெரிந்தது. அப்பன் ஜெயபால் நொய்டாவில் கம்பி கட்டப் போனவன், மாதம் ஒருமுறைதான் வருவான். வேறு யார் வரப்போகிறார்கள்?

"கொஞ்சம் பாத்துக்கக்கா" என்று செங்கம்மாளிடம் சொல்லிவிட்டு ஆராயி பின்கேட் வழியாக வெளியேறினாள். துப்புரவுக்காரிகள் போடும் நீலக் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மதிலைச் சுற்றி ஓடி, முன்கேட்டில் எல்லாப் பெற்றோரையும்போல வந்து நின்றாள்.

"இவ்வளவு நேரமா?" என்றாள் சுபாஷிணி மிஸ். "எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துட்டா. உங்களுக்குக் கொழந்தைமேல அக்கறையே இல்லையா?"

"வேல செய்யற எடத்துல விடல மிஸ்." அது பொய்யில்லை.

"கோமளா, யார் இது?"

கோமளா அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஹம்சாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். உதடு இறுகியிருந்தது.

"ஏன் முழிக்கறே? உங்கம்மாதானே?"

குனிந்த தலை நிமிரவில்லை. மிஸ் சட்டென்று கோமளாவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "யார் நீங்க?"

பெற்ற பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதன் வாயைக் கட்டியவளும் அவளேதான். "சொல்லு கண்ணு" என்றாள் ஆராயி. "நான்தான சொல்றேன். பரவால்ல, சொல்லு."

"அம்மா" என்றாள் கோமளா. சொன்னதும் ஓவென்று அழுதுவிட்டாள்.

"மிஸ்," என்றாள் ஹம்சா ஆச்சரியத்தோடு, "இது நம்ம பாத்ரூம் க்ளீன் பண்ற ஆன்ட்டி!"

மிஸ் அப்போதுதான் ஆராயியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? நீ உள்ளேதானே இருந்தே? அங்கேர்ந்தே கூட்டிண்டு போயிருக்கலாமே!"

ஆராயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெரு முனையில் நின்றாள். "நேரா வூட்டுக்குப் போ. ரோட்டத் தாண்டறப்ப பாத்து."

"நீயும் வாம்மா."

"கீழ பாதி இன்னும் பாக்கல. நாய் வரதுக்குள்ள முடிக்கணுமாம்."

"ஹம்சா நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடுவா."

ஆராயி மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்கேட்டில் இப்போது புதிதாக ஒரு போலீஸ்காரன் நின்றிருந்தான். உள்ளே ஆபத்து, அம்மா அப்பா யாரும் போகக் கூடாது என்று ஹிந்தியில் அதட்டி லத்தியைக் குறுக்கே நீட்டினான். ஆராயி பையிலிருந்து நீலக் கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டாள். அவன் லத்தியை விலக்கிக்கொண்டான்.

உள்ளே கால் வைக்குமுன் திரும்பிப் பார்த்தாள். கோமளா போகவில்லை. தெரு முனையில் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.