எவேலியா போட்ட முடிச்சு

முகமூடி மல்யுத்த வீரன் வெள்ளி ஆந்தை வரவில்லை. புவெப்லா சாலையில் பஸ் நின்றுவிட்டதாக மூன்றரை மணிக்குப் போன் வந்தது. ஆட்டம் ஐந்துக்கு. பத்து நாளாக ஊர்ச் சுவரெல்லாம் அவன் முகமூடிதான்.

எவேலியா அந்த மல்யுத்த அரங்கத்தை நடத்தத் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. பழைய சோளக் கிடங்கு, நடுவில் மேடை, சுற்றிலும் மடக்கு நாற்காலி. போன மாதமும் ஒரு பெரிய ஆள் வராமல் போனான். அன்றே மல்யுத்தத்துக்கு லைசென்ஸ் கொடுக்கும் கமிஷன்காரர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் ஜனங்களை ஏமாத்தினா பூட்டைப் போட்டுட்டுப் போயிடுவேன்மா."

வாசல் கடையில் ஆந்தை முகமூடிகள் தொங்கின. இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

அபுண்டியோ முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். வார நாட்களில் பஞ்சர் ஒட்டுகிறவன். பதினோரு வருடத்துக்கு முன் இதே மேடையில் தன் முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றான். ஊர் முன்னால் கழற்றி, தன் பெயரைச் சொன்னான். தோற்றவன் மறுபடி முகமூடி போடுவதில்லை, யாருடையதையும். போட்டவனுக்கு இந்தத் தொழிலில் யாரும் கை கொடுப்பதில்லை. அன்று அவன்தான் தோற்க வேண்டும் என்று முடிவு செய்ததும் எவேலியாதான். ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"அண்ணே, உங்க உயரம்தான் ஆந்தையும்."

அவன் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். "வெளையாடாதீங்க முதலாளியம்மா."

"இருபது நிமிஷம்."

"துணியில்லாம ஏறச் சொல்லுங்க, ஏறுறேன். இது வேணாம்."

"பூட்டிட்டாங்கன்னா எல்லாரும் தெருவுலதான்."

மூலையில் இருந்த அன்றைய எதிராளி, 'கசாப்புக்காரன்' என்ற பெயரில் ஆடுகிறவன், தன் முகமூடியைத் தடவியபடி, "ஆந்தைக்கு இவ்ளோ தொப்பை கிடையாதே" என்றான்.

அபுண்டியோ பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து பிடரியைக் காட்டினான்.

முகமூடி சிறியது. நாடாவை இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. எதிராளியின் முகமூடியைப் பிடுங்கப் பார்ப்பதுதான் கசாப்புக்காரன் பிழைப்பு. அதனால் மூன்று முடிச்சு போட்டு நுனியை உள்ளே செருகினாள். அங்கே எல்லோரும் அவளிடம்தான் தலையைக் கொடுப்பார்கள். அவள் முடிச்சு இதுவரை அவிழ்ந்ததில்லை.

"இறுக்குதா?"

"மூச்சு வருது."

மேடையேறும் முன் அபுண்டியோ வலது காலை ஓரத்தில் மூன்று தரம் தேய்த்தான். முப்பது வருடப் பழக்கம். முன்வரிசையில் அவித்த சோளம் தின்றுகொண்டிருந்த, வாரம் தவறாமல் வரும் சோய்லா அதைப் பார்த்து எழுந்தாள்.

"ஆந்தையாவது கோந்தையாவது! நம்ம பஞ்சர்டா அது!"

முதலில் சிரித்தார்கள். பிறகு, "ரெண்டாந்தரம் மானத்தை வித்தியாடா?" என்று ஒருவன் கத்தினான். நாற்காலி ஒன்று மேடையில் விழுந்தது. கமிஷன்காரர் எழுந்து எவேலியாவைப் பார்த்தார். அவள் மணிச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அபுண்டியோ மைக்கை வாங்கினான். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. கடையிலேர்ந்து நானே எடுத்தேன். பழைய ஆசை."

"அப்படியாம்மா?" என்றார் கமிஷன்காரர்.

அவள் முகமூடி எடுத்ததைப் பார்த்த கடைக்காரன் வாசலில் நின்றிருந்தான். அவளையே பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றாள் எவேலியா.

"கழட்டு! கழட்டு!" என்று கூட்டம் கத்தியது.

அபுண்டியோ இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். அவிழவில்லை. கசாப்புக்காரன் வந்து முயன்றான். பிறகு கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"எனக்கு வரல" என்றான்.

உள்ளே செருகிய இடது நுனியை இழுத்தால் மூன்றும் ஒன்றாக வந்துவிடும்; அது அவளுக்குத்தான் தெரியும். மூன்று படி ஏற வேண்டும், ஒரு இழுப்பு. ஏறினால் கட்டியது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அவள் ஏறவில்லை.

அரங்க டாக்டரின் கத்தரிக்கோல் வந்தது. தோற்றவன் முகமூடியைக்கூட அங்கே யாரும் வெட்டுவதில்லை. அவனே கழற்றித் தருவான். அபுண்டியோ மண்டியிட்டுக் குனிந்தான். பிடரியிலிருந்து உச்சி வரை வெட்டினார்கள். முகம் வெளியே வந்தபோது கன்னத்தில் தையல் தடம் பதிந்திருந்தது. கமிஷன்காரர் கையை நீட்டினார். அபுண்டியோ லைசென்ஸைக் கொடுத்தான். முப்பது வருட லைசென்ஸ். அவள் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனான்.

ஆட்டம் நிற்கக் கூடாது. கசாப்புக்காரனோடு வேறொருவனை ஏற்றச் சொன்னாள். கசாப்புக்காரன் அவள் அருகில் வந்து நின்றான். அவன் முகமூடி நாடா தளர்ந்திருந்தது. பழக்கத்தில் அவள் கை தானாக உயர்ந்தது.

அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"வேணாம்மா. நானே கட்டிக்கிறேன்."

கட்டி முடிக்கும் வரை காத்திருந்து மணியை அடித்தாள்.