நேற்றைய காற்று

ஒரு எழுத்தை எடு, அந்தப் பக்கம் வை. அடுத்ததை எடு, வை. எடுக்க ஒன்றும் இல்லாதபோது நிறுத்து. இவ்வளவுதானே? இதற்கா என் விரல்கள் இப்படிச் சில்லிட்டுப்போக வேண்டும்?

வினிதா கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். ஓசூர் சிப்காட்டில் முலாம் பூசும் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததும் அவள் எழுதிய முதல் புரோகிராம் அது. கழிவுநீர்த் தொட்டிக்குள் தொங்கும் மீட்டர், உள்ளே விஷவாயு எவ்வளவு என்று தினமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பதியும். புரோகிராம் அதை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து அச்சடிக்கும். அந்தச் சீட்டு வராமல் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கம்பெனியில் பெருக்கும் செல்லியின் புருஷன், துப்புரவுக்கு இறங்கிப் பிணமாக மேலே வந்த பிறகு போட்ட விதி.

மீட்டர் கெட்டுப்போய் பெங்களூருக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. தொட்டியை இன்றே சுத்தம் செய்தாக வேண்டும்; நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்.

"பழைய ஃபைல் ஒண்ண எடுத்து, தேதிய மட்டும் மாத்தி காப்பி பண்ற மாதிரி பண்ணும்மா," என்றார் மேனேஜர் சௌந்தரராஜன். "ரெண்டு லைன் சேக்கறதுக்கு ரெண்டு மணி நேரமா? நீ எழுதினதுதானே!"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படி சார்..."

"தொட்டில என்ன இருக்கும், சந்தனமா? வெள்ளிக்கிழமை உன் பர்மனென்ட் பேப்பர் கையெழுத்துக்குப் போகுது. ஞாபகம் இருக்கட்டும்."

சேர்த்துவிட்டாள். ஓட்டியும் பார்த்தாள். முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடியது. ஒரு கணம், பழக்கத்தில், மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவளை அச்சுறுத்தியது. எதைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கேட்காத ஒரு புரோகிராமை எழுதிவிட்டு, அது கேட்காததையே திறமை என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். பிரிண்டர் சீட்டைத் துப்பியது. இன்றைய தேதி. வாயு: இல்லை.

வாசலில் மாரிமுத்து வந்து நின்றார். தொட்டி துப்புரவுக்கு வந்த மத்தூர்ப் பக்கத்து ஆள். இடுப்பில் கயிறு கட்டித் தயாராக இருந்தார்.

"என்னா பாப்பா, உம் மிசினு இன்னும் பல்லு வெளக்கலியா? சீட்டு குடுத்தீன்னா வெயிலுக்கு முன்னால எறங்கி ஏறிடுவன்."

"மாரிமுத்தண்ணே, மூக்குக்கு ஏதாவது வாட தெரியுதா அங்க?"

"எனக்கு வாடயெல்லாம் செத்து வருசமாச்சு. அதான் நீ இருக்கியே, சொல்றதுக்கு." சிரித்தார்.

அவள் சீட்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். இவள் தராவிட்டால் இன்னொருவன் கையாலேயே எழுதித் தருவான். மீட்டர் வரும்வரை காத்திருக்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. வேலை போனால் வீட்டில் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்தும் கை நீளவில்லை.

"குடும்மா, நிக்கறார் பாரு," என்றபடி சௌந்தரராஜன் வந்தார்.

"மீட்டர் இல்லண்ணே. இது பழைய ஃபைலோட காப்பி. எறங்காதீங்க," என்றாள் மாரிமுத்துவிடம்.

மேனேஜர் கை நீட்டினார். "ஏய், பைத்தியமா உனக்கு? இங்க குடு அத."

"தர மாட்டேன் சார்," என்றாள் வினிதா, குரலை உயர்த்தாமல்.