மூன்றாவது எச்சரிக்கை

வெர்னா தனியாக வரவில்லை என்பதை டெல்பர்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பக்கத்தில் ஒன்றுவிட்ட தம்பி கிளிஃபர்ட், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். குலத்தலைவன் டெல்பர்ட்டுக்கு வெர்னா அக்கா, செவ்விந்தியர்களான அவர்களின் ஆமைக் குலத்துக்குத் தாய். தலைவன் தவறினால் குலத்தாய் இரண்டு முறை தனியாக வந்து சொல்வாள். மூன்றாம் முறை ஓர் ஆளைக் கூட்டி வந்தால், தலைவனுக்குச் சூட்டிய மான்கொம்பை, அதாவது பதவியை, எடுத்துப்போக வருகிறாள் என்று அர்த்தம்.

டெல்பர்ட் செய்தது ஒரே ஒரு கையெழுத்து. ஆற்றோரக் காட்டில் சரளைக்கல் தோண்டத் தலைவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று குவாரிக்காரர்கள் அடித்துவைத்திருந்த கடிதம். குலங்கள் கூடிப் பேசும் நீளவீட்டில் நெருப்புக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பேசிப் பேசி எல்லோர் மனமும் ஒன்றாகும்வரை எதுவும் முடிவாகாது. சில சமயம் ஒரு வருடம்கூட இழுக்கும். ஆனால் குவாரி அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரன் அவனுக்கென்று பெரிய நாற்காலியை இழுத்துப்போட்டு, “நீங்கதானே தலைவர்? நீங்க சொன்னா நடக்கும்ல?” என்று கேட்டான். டெல்பர்ட் தலையாட்டினான். காசு பணம் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. வெறும் ஒரு நாற்காலிக்கு மயங்கினோமே என்று நினைக்கும்போதெல்லாம் தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

இருவரும் உள்ளே வந்ததும் உட்காரச் சொன்னான். வெர்னா உட்காரவில்லை.

“தலைவரே,” என்றாள். பதவியில் இருப்பவனிடம் அப்படித்தான் பேசவேண்டும். “மூணாந்தடவ வந்திருக்கேன். நீளவீட்டுல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, ‘நான் தனியா கையெழுத்துப் போட்டேன், அது செல்லாது’ன்னு சொல்லுவீங்களா?”

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நீளவீட்டுக் கூட்டத்தில் பெண்கள் உட்காரும் பெஞ்சு கண்முன் வந்தது. முதுகுக்குப் பின்னால் எழப்போகும் சிரிப்பும் காதில் கேட்டது.

“அவனுங்க என்ன ஏமாத்திட்டானுங்க” என்றான்.

கிளிஃபர்ட் தரையைப் பார்த்தான்.

“ஏமாந்தீங்களான்னு நான் கேக்கல” என்றாள் வெர்னா. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள், அது அவனுக்குத் தெரிந்தது.

“அந்தத் தலைவர் பேரு உங்களோடது இல்ல. எங்க குலத்தோடது. குடுங்க.”

உள்ளே போய், பதவிப் பெயரோடு தந்திருந்த சிப்பிமணிச் சரத்தைத் துணியோடு எடுத்து வந்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கி கிளிஃபர்டிடம் கொடுத்தாள். அவன் வெளியே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

வெர்னா போகவில்லை. மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“டெல், அடுப்புல சோளக்கஞ்சியா? பசிக்குதுடா. காலையிலேர்ந்து ஒண்ணும் எறங்கல.”

ஊற்றிக் கொடுத்தான்.

“உன்னப் பொறுக்கியெடுத்தவ நான்தான். குலத்துப் பொம்பளைங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?” என்றாள். குரல் உயரவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் கஞ்சியில் நனைத்து வாயில் போட்டாள். “உப்பு எங்க?”

அவன் அலமாரியைத் திறந்தான். சொந்த வீடு, சொந்த அலமாரி. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடியைத் திறந்து பார்த்து வைத்தான். அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. மறுபடி முதல் டப்பாவிலிருந்து ஆரம்பித்தான்.