நூற்றுப் பன்னிரண்டு நாளும் ஒரு ‘ம்’மும்

1

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. இதைக் கேட்டபோது என் வாய் திறந்திருந்தது. இடது தாடை மரத்துப் போயிருந்தது. கண்ணுக்கு நேர் மேலே ஒரு வெள்ளை விளக்கு. பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். எச்சிலை உறிஞ்சும் குழாயை என் உதட்டோரம் பிடித்தபடி அவருடைய உதவியாளர் தன் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நோயாளி பயப்படாமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டே இருப்பது அவர் வழக்கமாம்.

நடுவில் கேட்டார்: “நீங்க கதை எழுதறவராமே? பதிவேட்டுல பார்த்தேன். இதையும் எழுதுவீங்களா?”

நான் “ம்” என்றேன்.*

* வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ம்’ சொல்ல முடியாது என்று யாராவது எழுதிக் கேட்பார்கள். முயன்று பாருங்கள். மூக்கு உதவி செய்யும்.

சொன்ன சொல்லுக்காக எழுதுகிறேன். உதவியாளரை இனி ‘அக்கா’ என்றே குறிப்பிடப் போகிறேன். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன், அக்காவும் தங்கையும் சண்டை போடும் இடத்தில் இருவரும் சட்டமன்ற உறுப்பினர்கள் போலாகிவிட்டார்கள்.

2

தொடக்கங்கள்:

‘பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி மாணவியான அவள் சன்னலோரம் அமர்ந்து, கடந்துபோன நாட்களை...’

இல்லை. அந்த அறையில் சன்னலோரம் உட்கார முடியாது. அங்கே ஒன்பது அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். அவள் மறந்துவிட்டாள்.

‘காலம் என்பது ஒரு’

இந்த வாக்கியம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் போக விடவில்லை.

நேரடியாகவே சொல்கிறேன். அவளுக்கு ‘அன்றாட வாழ்க்கை’ என்று ஒரு பாடம். அதை நடத்திய பேராசிரியை, பருவத்தின் முதல் நாளே ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு நாட்கள், நாளுக்கு ஒரு பக்கம். பெரிய சம்பவங்கள் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அன்று இன்னொரு மனிதர் உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் இருக்க வேண்டும்.

குறிப்பேட்டைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கடைசிப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். ஞாயிறு காலை வரை அவள் எழுதியிருந்தது அட்டையில் தன் பெயர் மட்டும்.

சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். மிகவும் கவனமான பெண். பருவம் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடங்களை இரட்டை வேகத்தில் கேட்டுக்கொண்டே நடந்தாள், சாப்பிட்டாள், பல் தேய்த்தாள். அதிகம் கேட்டது, சுற்றியிருக்கும் மனிதர்களைக் கவனிப்பது எப்படி என்ற பாடத்தை.

3

முதலில் இட்டுக்கட்டினாள். முதல் நாள்: ‘இன்று பேருந்தில் ஒரு பெரியவர், வாழ்க்கை ஒரு பயணம் என்றார்.’ இரண்டாம் நாள்: ‘இன்று காய்கறிக் கடைக்காரர், வாழ்க்கை ஒரு தராசு என்றார்.’ ஏழாம் நாளுக்குள் தபால்காரர், பால் போடுபவர், எதிர்வீட்டுக் குழந்தை எல்லாரும் ஞானிகளாகிவிட்டார்கள்.

அக்கா பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

“நம்ம தெருவுல யாருடி இப்படிப் பேசறது? எல்லாரும் காலண்டர்த் தாள் மாதிரி இருக்காங்க.”

“பின்ன எப்படிப் பேசுவாங்க?”

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “கீழ போய்க் கேட்டுட்டு வா.”

கீழே முடிதிருத்தும் கடை. அவர்கள் அறை அதற்கு நேர் மேலே.

[இந்த முடிதிருத்துபவர் விஷயத்தில் எனக்குத் தயக்கம். கதைகளில் அந்தத் தொழில் செய்பவர்கள் எல்லாம் ஓயாமல் பேசுகிறார்கள். வித்தியாசமாக இருக்கட்டும் என்று இவரை ஊமையாக்கிப் பார்த்தேன். கதை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் கேட்டாள், அவர் சீப்பைத் துடைத்தார், அவள் கேட்டாள், அவர் சீப்பைத் துடைத்தார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி பேச வைத்துவிட்டேன்.]

“அண்ணே, இந்த நாலு மாசத்துல என்கிட்ட என்னவெல்லாம் சொன்னீங்க?”

“நான் பேசினது மொத்தமே ஒரு தடவைதான்மா. நல்லவேளை, மறக்காம வந்துட்ட. உட்காரு.”

“எதுக்கு?”

“முடி வெட்டத்தான். எங்க வீட்டுக்காரிக்கு இந்த வாரம் உரிமத் தேர்வு. பழகிப் பார்க்க நீளமான தலை ஒண்ணு வேணும், ஞாயித்துக்கிழமை வரியான்னு கேட்டேன். ‘ம்’ன.”

“நானா?”

“படியேறிக்கிட்டே சொன்ன. பாவம், பதினோரு நாளா கத்தரிக்கோலைத் தீட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கா.”

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். கையில் கத்தரிக்கோல், முகத்தில் பரீட்சைக்குப் போகிறவரின் வெளிறல். அந்த முகத்தைப் பார்த்து யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. நாற்பது நிமிடம் கழித்து, வலது பக்கம் தோள் வரைக்கும் இடது பக்கம் காது வரைக்கும் முடியோடு அவள் வெளியே வந்தாள். “இடது பக்கம் நல்லா வந்திருக்குல்ல?” என்று அந்த அம்மா கேட்டதை நூற்றுப் பன்னிரண்டாம் நாளில் எழுதிக்கொண்டாள். கையிலிருந்தது இப்போது இரண்டு உண்மையான வாக்கியங்கள்.

4

படியில் மூன்றாம் மாடிக்காரர் காத்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கையில் ஒரு பெரிய வளையம், அதில் பதினான்கு சாவிகள்.

“செயலாளர் அம்மா, உன்னைத்தான் தேடிட்டு இருக்கேன்.”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“குடியிருப்போர் சங்கத்துக்கு நீதான் செயலாளர். இன்னியிலிருந்து. தொட்டிச் சாவி, மொட்டைமாடிச் சாவி, மத்ததெல்லாம் எதுக்குன்னு எனக்கே தெரியாது, போட்டுப் பார்த்துக்க.”

“நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?”

“போன மாசம். இதே படியில. வேற ஆளே கிடைக்கல, நீ இருக்கியாம்மான்னு கேட்டேன், ‘ம்’ன. கூட்டத்துல கைதட்டிப் பதிவு பண்ணிட்டோம்.”

“அங்கிள், அன்னைக்கு எனக்குக் காதுல...”

“முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். ‘ம்’னா டிக்கெட் கிழிச்சாச்சு. நடுவுல இறங்க முடியாது.”

(இங்கே மருத்துவருக்கு ஒரு போன் வந்தது. அவர் வெளியே போனார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பதற்காகக் குழாயை வெளியே எடுத்துவிட்டதால் நான் சிறிது மூழ்கினேன்.)

5

மதியம் அவள் அறைக்குத் திரும்பியபோது அக்கா தரையில் உட்கார்ந்து ஒட்டும் நாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தலையையும் சாவி வளையத்தையும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அது பெருந்தன்மை.

“அக்கா, நீ சொன்னதையெல்லாம் சொல்லேன். நான் எழுதிக்கறேன். பன்னெண்டாம் நாள் என்ன சொன்ன?”

“துண்டைக் கட்டில்மேல போடாதேன்னு.”

“பதிமூணு?”

“துண்டைக் கட்டில்மேல போடாதேன்னு.”

“பதினாலு?”

“அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நானே எடுத்துக் காயப்போட்டேன்.”

‘இன்று அக்கா ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதினாள்.

அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. பேசியவள் அவள்தானே. முப்பது நாட்களுக்குமேல் துண்டிலேயே போயிற்று. இருபதாம் நாள், ஒரு நோயாளி டாக்டரின் விரலைக் கடித்த கதை.

“நீ விழுந்து விழுந்து சிரிச்ச.”

“சிரிச்சேனா?”

“காதுல ஓடினதுக்குச் சிரிச்சிருப்ப. நான்தான் என் பங்குன்னு எடுத்துக்கிட்டேன்.”

நாற்பத்தொன்றாம் நாள், காய்ச்சலாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

“அதுக்கு நான் என்ன பண்ணேன்?”

“‘ம்’ன. அப்புறம் என்ன தோணிச்சோ, உன் போர்வையையும் எடுத்து என்மேல போட்டுட்டுப் போன.”

அவள் வேகமாக எழுதிக்கொண்டே போனாள். பக்கத்துக்குப் பக்கம், ‘நான்: ம்.’ ‘நான்: ம்.’ நாலு மணி தாண்டியது. அறுபத்து மூன்றாம் நாள் வந்தது. அக்கா நாடாவைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு, எங்க கிளினிக்கோட புதுக் கிளைக்கு என்னைத் தலைமை உதவியாளரா கூப்பிடறாங்கன்னு சொன்னேன். ரயில்ல ஒன்பது மணி நேரம். உன் படிப்பு முடியறப்போ போகணும். போகட்டுமாடி, தனியா இருந்துப்பியான்னு கேட்டேன்.”

பேனா நின்றது.

“எப்போ போற?”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வண்டி வருது. இந்தப் பெட்டியெல்லாம் என்னன்னு நினைச்ச?”

“நீ ஏதோ ஆர்டர் பண்ணியிருக்கேன்னு.”

“ஒன்பது பெட்டியா?”

“ஒண்ணுமேலதான் நான் தினம் காபி வெச்சுக் குடிக்கறேன்.”

“தெரியும். அதுல என் கம்பளித் துணி இருக்கு. எல்லாம் காபி வாசனை.”

பிறகு இருவரும் பேசவில்லை.

[எனக்கு மௌனம் பிடிக்கும். இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விடலாமா என்றுகூட யோசித்தேன். அச்சுப் பிழை என்று நினைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அதனால் அரை நிமிடம் நீங்களே நிறுத்திப் படியுங்கள். கீழே கடையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். சாவி வளையம் மேசையில். இவ்வளவுதான்.]

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?” என்றாள் தங்கை. பதில் அவளுக்குத் தெரியும்.

“‘ம்’ன. ரெண்டு நாள் பார்த்தேன், வேற ஏதாவது சொல்லுவியான்னு. அப்புறம் சரின்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

“இப்ப மாத்தி எழுதலாமா?”

“உன் நோட்டு. உன் இஷ்டம்.” அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “வண்டி வேண்டாம்னா அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். சொல்லிட்டா, அந்த வேலைக்குப் போகத் துடிக்கறவங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க.”

மணி நாலு நாற்பது. அவள் நாலைந்து வார்த்தைகள் எழுதினாள். அடிக்கவில்லை, திருத்தவில்லை. குறிப்பேட்டை அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதை வாங்கிப் படித்தாள். அதில்...

6

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

மருத்துவர் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்து, சரியாக அந்த இடத்தில் பல்லைக் குடையும் கருவியை ஓட விட்டார். என் மண்டை முழுக்க அதுதான். அக்காவின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். நாலைந்து வார்த்தைகள்தான். பிறகு கருவி நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரியாத்தானே எழுதியிருக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் “ம்” என்றேன்.

அதனால் முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘நான்: போகாதே அக்கா, இங்கேயே இரு.’ அக்கா பெட்டிகளைப் பிரிக்கிறாள். கம்பளித் துணியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் அழுகிறார்கள். நன்றாக வந்தது. ஆனால் நான் படுத்திருந்த நாற்காலி அந்த ஊரிலிருந்து ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அக்கா என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

(ஆ) ‘நான்: நீ போக வேண்டும் அக்கா. என் சுயநலத்துக்காக உன் வாழ்வை...’ கிழித்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய பெண் இப்படி எழுதமாட்டாள்.

(இ) ‘நான்: ம்.’ அறுபத்து மூன்றாம் நாள் நடந்தது இதுதான். பாடத்தின் விதியும் இதுதான். ஆனால் இதற்கு அக்கா ஏன் கண்ணைத் துடைக்க வேண்டும்?

இன்னொரு முறை கேட்டிருக்கலாமே என்பீர்கள். பல்லுக்கு உறை போட மறுபடி போனேன். வாய் மூடியிருந்தது, தாடை மரத்துப் போகவில்லை, மருத்துவரும் அறையில் இல்லை. மற்றவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தேன். அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால், அன்று கேட்காமலே ‘ம்’ சொன்னேன் என்பது தெரிந்துவிடும். அதுவும் அவளிடம். அவள் மறுபடி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, “கதை எழுதிட்டீங்களா?” என்றாள்.

‘அறுபத்து மூன்றாம் நாள். அக்கா: போகட்டுமாடி, தனியா இருந்துப்பியா?

நான்:                                                              ’

இடம் போதும் என்று நினைக்கிறேன். நாலைந்து வார்த்தைகள்தான். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

7

மற்றபடி:

குறிப்பேடு திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. தங்கை தேறிவிட்டாள். ‘துண்டு பற்றி இவ்வளவு தேவையில்லை’ என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வண்டி பதினோரு மணிக்கு வராமல் பன்னிரண்டேகாலுக்கு வந்தது. எட்டுப் பெட்டிகள் போயின. காபிப் பெட்டியை அக்கா விட்டுவிட்டுப் போனாள்.

முடிதிருத்துபவரின் மனைவி உரிமம் வாங்கிவிட்டார். இப்போது கடையில் இரண்டு நாற்காலிகள். அவருடைய நாற்காலியில்தான் கூட்டம். கணவர் பெரும்பாலும் சீப்பைத் துடைக்கிறார்.

ஓட்டுநர் பதினான்கு சாவிகளில் பதினொன்றுக்குப் பூட்டு கண்டுபிடிக்க உதவினார். தங்கை இரண்டாம் முறையும் செயலாளராகியிருக்கிறாள். இம்முறை கேள்வியைக் காதில் வாங்கிய பிறகு சம்மதித்தாள்.

தினமும் மாலை அக்காவும் தங்கையும் போனில் பேசுகிறார்கள். தங்கை இப்போது எதற்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறாளாம். “ஒண்ணு கேட்டா ஒன்பது சொல்றா, காது வலிக்குது” என்றாள் அக்கா.

என் பல் நன்றாக இருக்கிறது. இடது பக்கம், கீழே, கடைசியிலிருந்து இரண்டாவது.