முன்மாதிரித் தெருவும் பதினான்கு சுற்றும்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல; என்னிடம் ஆர்டர் கொடுத்து வாங்கியது. மண்டலக் குடிநீர் வாரியம் (அப்படி ஒன்று கிடையாது, நான் கட்டிவிட்டது, தேடி அலையாதீர்கள்) தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய சிறுநூலுக்கு ஒரு கதை கேட்டது. வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி ஹரிஹரசுதன், தென்னூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கதை பாசிட்டிவா இருக்கணும் சார். அழுகை வேண்டாம். முக்கியமா வில்லன் வேண்டாம்."

"வில்லன் இல்லாம எப்படிங்க?"

"வேணும்னா ஒழுகுற குழாயை வில்லனா வச்சுக்குங்க. வீட்டுக் குழாயா இருக்கட்டும். வாரியத்துக் குழாய் வேண்டாம்."

ஒப்புக்கொண்டேன். மேடையில் சால்வை போர்த்துவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் கொள்கை உண்டு, ஆனால் சால்வை என்றால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும்.

2. கைவிட்ட தொடக்கங்கள்

'காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓடும் ஸ்ரீரங்கத்தில்—'

(அடித்துவிட்டேன். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற ஊரில் எதற்குச் சிக்கனம் என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள்.)

'தண்ணீர்த் தட்டுப்பாடு வராமல் இருக்க வாரியத்துக்கு நான்கு வழிகள் இருந்தன. கொள்ளிடத்து மணலில் இன்னொரு கிணறு இறக்கலாம். இன்னொரு மேல்நிலைத் தொட்டி கட்டலாம். ரோட்டுக்கு அடியில் ஒழுகும் குழாய்களை மாற்றலாம். அல்லது, கொஞ்சமாகச் செலவழியுங்கள் என்று நம்மிடம் சொல்லலாம். கிணறு டெண்டரில் இருக்கிறது. தொட்டி அடிக்கல்லாக இருக்கிறது. குழாய்கள் ஆய்வில் இருக்கின்றன. நான்காவது மட்டும் குறித்த தேதியில் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது.'

(நல்ல பத்தி. அதனால் சிறுநூலில் வராது.)

3.

கதைக்கு ஆள் கிடைக்காமல் தவித்தபோது ஹரிஹரசுதனே போன் செய்தார்.

"சார், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு தெரு இருக்கு. ரெண்டே மாசத்துல தண்ணி உபயோகம் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. தெருமுனை மீட்டரே சாட்சி. முன்மாதிரித் தெரு விருது அவங்களுக்குத்தான். நேர்ல பார்த்து எழுதுங்க."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். ஆசையைத் துறந்த மகான்கள் வாழும் தெரு என்று வழியிலேயே நோட்டில் குறித்துக்கொண்டேன். தெருவின் நடுவில் இட்லி மாவு அரைத்து விற்கும் பானுமதியைப் பிடித்தேன். நான்கு கிரைண்டர்கள் இருந்தன. மூன்று துணி போர்த்திக் கிடந்தன.

"எப்படிங்க இவ்வளவு சிக்கனமா இருக்கீங்க?"

பானுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி வரலைங்க சார்."

(நோட்டில் மகான்களை அடித்தேன்.)

"நூலாட்டம் வருது. நாலு குடம் பிடிக்கிறதுக்குள்ள நின்னுடுது. அதுல அரிசி களைவேனா, கிரைண்டர் கழுவுவேனா, புள்ளைங்க குளிக்குமா? ரெண்டு மாசமா மனு குடுத்துக்கிட்டே இருக்கோம். அடுத்த மாசமும் இப்படியே போச்சுன்னா நான் கடையை மூடிட வேண்டியதுதான்."

எதிர்ச் சுவரில் வாரியத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'பல் தேய்க்கும்போது குழாயை மூடி வையுங்கள்.' தெரு அதை அப்படியே கடைப்பிடித்துக்கொண்டிருந்தது.

4. சந்தேகத்துக்குரிய பாத்திரம்

தங்கையனை முதல் பிரதியில் வில்லனாகத்தான் எழுதினேன். மீசைகூட வைத்தேன். பிறகு ஆளை நேரில் பார்த்துவிட்டதால் மீசை உட்பட எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று.

தங்கையன் வால்வு திறந்துவிடுபவர். கான்ட்ராக்ட் ஆள். இருபத்திரண்டு வருடமாக, காலையில் நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளில் வந்து, தெருத்தெருவாகத் திறந்து மூடுகிறார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. அவர் கைக்குத்தான் தெரியும். பானுமதி தெருவுக்குப் பதினான்கு.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போயிருந்த இரண்டு நாளில், பழைய வால்வு உடைந்து புதிதாக ஒன்றை மாட்டிவிட்டார்கள். புதியது முழுதாகத் திறக்க முப்பது சுற்று வேண்டும். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் வந்தார், வழக்கம்போல் பதினான்கு சுற்றினார், வழக்கம்போல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

(மாட்டியவர்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் விசாரணை மாடியில் தொடங்கினாலும், படியிறங்கி வந்து சாவி வைத்திருப்பவரிடம்தான் உட்காரும்.)

நான் பானுமதியிடம் பேசிக்கொண்டிருந்தபோதே தங்கையன் வந்து நின்றார். வேறொரு தெருவில் அதே மாதிரிப் புது வால்வை அன்று காலை திறந்தபோது, அது பதினான்கைத் தாண்டியும் சுற்றிக்கொண்டே போனதில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது.

"தங்கச்சி, தப்பு என் கையிலதான்மா. பதினாலோட நிறுத்திட்டேன். ஆபீஸ்ல தெரிஞ்சா அன்னைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. பொண்ணுக்கு காலேஜ் இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"என் பொழப்பையே பாதியாக்கிட்டீங்களேண்ணே!" என்று கத்திய பானுமதிக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு உள்ளே போய் மூவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் சேர்க்காத, முழுப்பால் டீ. வசதிக்காரர்கள் தெரு என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

5. முடிவுகள்

முதல் முடிவு: விருது மேடையில் பானுமதி ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். இந்தத் தெருவின் தேவை இனி இவ்வளவுதான் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மிச்சமான தண்ணீர் புதிய குடியிருப்புக்குப்

(போகட்டும். என்னால் எழுத முடியவில்லை.)

இரண்டாவது முடிவு: மைக்கைப் பிடித்துப் பானுமதி உண்மையைப் போட்டு உடைக்கிறார். தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. தங்கையனுக்கு வேலை போகிறது. (எனக்கு மட்டும் சால்வை. அடித்தேன்.)

மூன்றாவது முடிவு: மறுநாள் காலை தங்கையன் யாரிடமும் சொல்லாமல் முப்பது சுற்றுச் சுற்றுகிறார். குழாய்கள் சீறுகின்றன. நான்கு கிரைண்டர்களும் ஓடுகின்றன. தெருவே போர்வை துவைக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, 'சுபம்' என்று எழுதிவிட்டேன்.

நிஜத்தில் நடந்ததும் அதுதான். நானும் தங்கையனும் தெருமுனை மீட்டரை மறந்துவிட்டோம்.

6.

பத்தாம் நாள் பானுமதி தென்னூருக்கு வந்தார். கையில் வாரியத்தின் நோட்டீஸ். முன்மாதிரித் தெருவாகத் தேர்வான பிறகு நீர் உபயோகம் இரு மடங்குக்கு மேல் எகிறியிருக்கிறதாம். விருது ரத்து. இந்த விரயத்துக்கான காரணத்தை ஏழு நாளில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் விருது வாங்கித் தந்த அந்தக் குறைந்த அளவே நிரந்தரமாக்கப்படும்.

"நீங்கதானே எழுதுறவங்க, எழுதிக் குடுங்க சார்."

"உண்மையை எழுதிடலாமா?"

"எழுதுங்க. தங்கையண்ணன் மேல வராம எழுதுங்க."

"அவர் மேல வராம உண்மையை எப்படிங்க எழுதுறது?"

"கதைன்னா மட்டும் மூணு முடிவு எழுதத் தெரியுது" என்றார் பானுமதி. எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவரே வழியும் சொன்னார். "குளிச்சோம்னு எழுதுங்க சார். ரெண்டு மாசம் கழிச்சு எல்லாரும் தலைக்குக் குளிச்சோம். பொய்யில்லையே?"

பொய்யில்லை. ஆனால் அதைப் படிப்பவர் அடுத்து ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி நேராகத் தங்கையன் வீட்டு வாசலுக்குப் போகும். பதில் போகாவிட்டால் பானுமதி கடையை மூட வேண்டும். ஐந்து நாள் போய்விட்டது. நான் இதுவரை பதினோரு தாள் கிழித்திருக்கிறேன், இனி என்னால் ஆகாது. கதை எழுதுபவனுக்கு மட்டும்தான் இந்த வேலை என்று எங்கும் சட்டம் இல்லை. நீங்களும் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், விஷயமெல்லாம் உங்களுக்கும் தெரியும். பன்னிரண்டாவது தாள் இது. மீதியை எழுதி, நாளை மறுநாள் ஐந்து மணிக்குள் ஆபீஸில் சேர்த்துவிடுங்கள்.

'ஐயா,

எங்கள் தெரு தண்ணீரை வீணாக்கவில்லை. அன்று நாங்கள் எல்லோரும் தலைக்குக் குளித்தோம். அதற்கு முன் இரண்டு மாதமாக நாங்கள் குளிக்காததற்குக் காரணம்